கவிழ்த்து வைத்த எட்டுச் சீட்டு

— அந்தக் கதிரையில இருக்காதீங்க, சின்ன மொதலாளி. ஒரு கால் ஆடுது. விழுந்தீங்கண்டா வெள்ளை வேட்டியெல்லாம் மண்ணெண்ணெய்.

— விழட்டும், றஊப் நானா. ஆறு மாசமா விழுந்துகொண்டுதான் இருக்கிறன். கிண்ணியாத் துறையில விழுந்தா ஒரு மாற்றமா இருக்கும்.

— நானாவா? அண்ணன் முறை வெச்சா கூப்பிடுறீங்க? உங்கட கம்பனி லோஞ்சு ஓட்டின காலத்தில 'றஊப், லோஞ்சை எடு' எண்டுதான் கேட்டிரிக்கன். பதினஞ்சு வருஷம் கழிச்சு நானா எண்டு வந்தா என்னமோ அலுவல் இரிக்கு.

— இருக்கு. முதல்ல நீங்கள் இந்தச் சின்ன முதலாளியை விடுங்கோ. எனக்கு நாப்பத்தியாறு வயசு. சோமசேகரம் எண்டு எனக்கொரு பேர் இருக்கு. திருகோணமலையில ஒருத்தரும் பாவிக்கிறேல்ல, வாங்கின மாதிரியே புதுசாக் கிடக்கு.

— நாக்குக்குப் பழகிட்டு. உங்கட வாப்பா பெரிய மொதலாளி, நீங்க சின்ன மொதலாளி. அவரு மவுத்தான செய்தி கேட்டன். வரணும் எண்டுதான் நெனச்ச. கால் வரல்ல.

— அதுக்கு நான் குறை நினைக்கேல்ல. எனக்கே அந்தக் கந்தோருக்குப் போகக் கால் வாறேல்ல. கப்பலுக்குச் சாமான் ஏத்துற கம்பனி, மூண்டு லோஞ்சு, ரெண்டு ஸ்டோர், எல்லாம் என்ர பேருக்கு வந்திட்டுது. அப்பாவின்ர கதிரையில போய் இருந்து பாத்தனான். கால் நிலத்தில முட்டேல்ல.

— அவரு உசந்த ஆள். கதிரையும் உசரம்.

— எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் காட்ஸ். அடையாள அட்டைக்கு விபரம் எழுத வந்த பொடியன் தொழில் என்ன எண்டு கேட்டான். பெருமையா நான் ஆடுற ஆட்டத்தின்ர பேரைச் சொல்லி, 'முன்னூத்தி நாலு' எண்டன். அவன் வீட்டு நம்பராக்கும் எண்டு எழுதிப்போட்டான். இண்டைக்கும் என்ர அட்டையில பிழையான விலாசம்.

— சிரிக்க வெக்காதீங்க. கையில கார்பரேட்டர் இரிக்கு, இந்தச் சின்ன ஆணி விழுந்திச்செண்டா மண்ணுக்குள்ள தேடேலாது. பைக்குள்ள என்ன, கனமாத் தொங்குது?

— தெரியுதோ எண்டு பாருங்கோ.

— யாழ்ப்பாணத்துக் கப்பு. அறுபத்தொண்டு. நம்ம ரெண்டு பேரும் போய் எடுத்த. ஏன் இதக் கொண்டு வந்தீங்க?

— கேக்கத்தான் வந்தனான். ஆனா முதல்ல என்ர சீத்துவத்தைக் கேளுங்கோ. அப்பாவின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கன்னியா வெந்நீரூத்தடியில முடிஞ்சு, அடுத்த ஞாயிறு கிளப்புக்குப் போனனான். துக்கத்தை மறக்க எண்டு மனுசிக்குச் சொன்னது. மனுசி என்னை ஒரு பார்வை பாத்தவ. அண்டைக்குத் தோத்தன். மனம் சரியில்லை எண்டு நினைச்சன். அடுத்த ஞாயிறும் தோத்தன். அதுக்கடுத்த ஞாயிறு தபால் கந்தோர் கனகசுந்தரத்திட்டத் தோத்தன்.

— அந்த மனிசன் துரும்புச் சீட்டு என்ன எண்டு மூணு தரம் கேப்பாரே?

— அவரேதான். அண்டைக்கும் மூண்டு தரம் கேட்டவர். கேட்டுக்கேட்டு வெண்டவர். வெண்டுபோட்டு, பயந்து பயந்து கிட்ட வந்து, சிகரெட் பெட்டி மட்டையில வெட்டி நூல் கட்டின கடுக்கனை என்ர காதில கொழுவினார்.

— அல்லாவே. உங்கட காதிலயா?

— என்ர காதிலதான். இதைப் பாருங்கோ, சட்டைப் பைக்குள்ள வைச்சிருக்கிறன். நானா, தோத்தவன் திரும்ப வெல்லும் வரைக்கும் மட்டைக் கடுக்கன் போட்டுக்கொண்டு இருக்க வேணும் எண்டது ஊர் வழக்கம். நான் பதினெட்டு வயசில இருந்து அந்த மேசையில இருக்கிறன். டாக்குத்தர் போட்டவர், சுங்கத்துப் பெரியவர் போட்டவர், ஒரு கோயில் ஐயர் கூடப் போட்டவர். என்ர காதுக்கு மட்டும் ஒரு நாளும் வரேல்ல. நான் என்ன நினைச்சன் தெரியுமோ? எனக்கு மூளை கூட எண்டு.

— நீங்க கெட்டிக்காரன்தானே.

— பொறுங்கோ. அண்டைக்குக் கடுக்கனோட வீட்டுக்கு வந்தனான், கழட்ட மறந்துபோனன். வாசல்ல ஸைனுலாப்தீன் காக்கா நிண்டவர்.

— ஸ்டோர் பாத்த ஸைனுலாப்தீன்? இன்னும் இரிக்காரா?

— இருக்கிறார். கண்தான் மங்கல். அந்தக் கண்ணுக்கும் என்ர கடுக்கன் தெரிஞ்சிட்டுது. அழத் தொடங்கிட்டார். பெரிய முதலாளி போய் ரெண்டு மாசம் கூட ஆகேல்ல, அதுக்குள்ள இப்பிடிச் செய்துபோட்டாங்களே எண்டார். என்ன காக்கா கதை எண்டு இருத்திவைச்சுக் கேட்டன். சொல்லிப்போட்டார். ஒவ்வொரு வருஷமும் கிளப்பில கப்புக்கு ஆட்டம் துவங்க முதல் அப்பா ஆள் அனுப்புவாராம். வேற ஒண்டுமில்ல, ஒரு சொல்லுத்தான். 'தம்பி வெல்லட்டும்.'

— ம்.

— கனகசுந்தரம் இருந்தது அப்பாவின்ர வீட்டில. டாக்குத்தரின்ர மச்சானுக்கு வேலை குடுத்தது அப்பா. ஐயருக்குக் கோயில் கூரை. அவங்கள் எல்லாரும் இருபத்தஞ்சு வருஷமா என்னட்டத் தோக்கிறதுக்குப் பாடுபட்டிருக்கிறாங்கள். என்னட்டத் தோக்கிறது லேசான வேலையில்ல, நானா. நான் துரும்பை மறந்துபோய் இருக்கேக்க அவங்கள் அதைவிட மோசமா விளையாட வேணும். நினைச்சுப் பாத்தா அவங்கள்தான் ஆட்டக்காரர். இருபத்தஞ்சு கப்பு அலுமாரிக்குள்ள வரிசையா நிக்குது. அவ்வளவத்தையும் அவங்களுக்குத்தான் குடுக்க வேணும்.

— வாப்பா ஏன் அப்படிச் செல்லி அனுப்பினதாம்?

— அதையும் கேட்டன். நான் ஒரே பிள்ளை. ஊரில வெண்டுகொண்டு இருந்தா ஊரை விட்டுப் போகமாட்டனாம். எண்டைக்கோ ஒரு நாள் அலுத்துப்போய்க் கந்தோருக்கு வருவனாம். எனக்கு அலுக்கேல்ல. தொடர்ந்து வெல்லுறது அப்பிடி அலுக்கிற விஷயமில்லைப் பாருங்கோ.

— இந்தாங்க தேத்தண்ணி. தம்பி, சீனி கொஞ்சம் கூடப் போட்டிரிக்கன். உங்கட மொகம் வாடிக் கெடக்கு.

— மைமூனா ராத்தா, சுகமா இருக்கிறீங்களோ?

— இருக்கம், அல்லாட காவல். பதினஞ்சு வருஷத்துக்குப் பொறகு வந்து கேக்கிறீங்க. அதுக்குச் சந்தோசம். இவரு வேலையில்லாம இருந்த ஆறு மாசம் நான் இடியப்பம் அவிச்சு இந்தத் துறையடியில வித்தன். அப்ப ஒருத்தரும் வந்து கேக்கல்ல.

— மைமூனா, சும்மா இரி.

— இருக்கன். தூணோட சாஞ்சிக்கிட்டுச் சும்மாதான் இருக்கன்.

— ராத்தா கேக்கிறது நியாயம். வந்திருக்க வேணும். வர வெக்கம். நானா, யாழ்ப்பாணத்துக் கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கோ?

— எப்படி மறக்கிற.

— நீங்கள் அண்டைக்கு முழுக்கப் பிழைபிழையாத்தான் விளையாடினீங்கள். எதிர்ப்பக்கம் நெடுவல் மாஸ்டர், மற்றவர் கண்ணாடி போட்டு வழக்குப் பேசுற புறக்டர். நான் பிடிச்ச பிடியையே நீங்கள் துரும்பால வெட்டினீங்கள். என்ர பாட்னர், என்ர பிடியை வெட்டுறார். மாஸ்டர் சிரிச்சவர். எனக்கு உங்களில கோவம் வரேல்ல. உங்கட நெத்தியெல்லாம் வியர்வை. கேட்டதுக்குக் காய்ச்சல் எண்டீங்கள்.

— ஓம். காய்ச்சல் எண்டுதான் சென்ன.

— கடைசிக் கைக்கு வரேக்க நாங்கள் எவ்வளவோ பின்னுக்கு. ஒரே ஒரு வழிதான் இருந்தது. பாட்னரின்ர எட்டுச் சீட்டையும் மேசையில கவுத்து வைக்கச் சொல்லிப்போட்டு, நான் தனிய ரெண்டு பேரோடயும் ஆடி எட்டுப் பிடியும் எடுக்க வேணும். ஒரு பிடி தவறினாலும் போச்சு. நான் உங்களைப் பாத்து, முன்னூறு பேருக்கு முன்னால, 'சீட்டைக் கவுத்து வை' எண்டனான். 'வையுங்கோ' எண்டு கூடச் சொல்லேல்ல. எங்கட லோஞ்சுக்காரன்தானே எண்ட திமிர்.

— ஆட்டத்தில அப்படித்தான் செல்லுவாங்க.

— உங்கட முகம் அப்பிடியே சுருங்கிப்போச்சு. ஒவ்வொரு சீட்டாத்தான் வைச்சீங்கள். பிறகு நான் ஆடினன். ஏழு பிடி எடுத்தாச்சு. கடைசியா என்ர கையில மிஞ்சினது கிளாவர் எட்டு. கிளாவர்ல அஞ்சு சீட்டு அதுக்கிடையில விழுந்திட்டுது. ஜாக்கியும் பத்தும் மட்டும் காணேல்ல. அது ரெண்டும் நீங்கள் கவுத்து வைச்ச சீட்டுக்குள்ள இருந்தா வெற்றி. எதிர்ப்பக்கத்தில ஒருத்தரின்ர கையில ஒண்டு இருந்தாலும் துலைஞ்சன். எட்டைப் போட்டிட்டுக் கண்ணை மூடினன்.

— ஜாக்கியும் பத்தும் என்டதுக்குள்ளதான் கெடந்திச்சு.

— ஓம். கை தட்டினாங்கள், தூக்கினாங்கள். கொழும்பில இருந்து வந்த ஒருத்தர் தங்கட அணிக்கு வரச்சொல்லிக் கேட்டவர், இந்தியாவுக்கும் போய் விளையாடலாம் எண்டார். பாட்னரையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டன். ஊருக்கு வந்து மூண்டாம் நாள் லோஞ்சடிக்குப் போனன், நீங்கள் இல்ல. அப்பா சொன்னார், 'றஊப் தானாத்தான் விட்டிட்டுப் போனவன். ஊருக்கு முன்னால சீட்டைக் கவுத்து வைக்கச் சொல்லி அவமானப்படுத்திப்போட்டாயாம், இனி உன்ர முகத்தில முழிக்கமாட்டானாம்.' நான் நம்பினன். எனக்கு நீங்கள் இல்லாமக் கொழும்பு என்னத்துக்கு? போகேல்ல. அதுக்குப் பிறகு கண்டிக்கும் காலிக்கும் போனனான், அப்பா தேடித் தந்த பாட்னர்மாரோட. எல்லா இடமும் முதல் சுற்றிலேயே தோல்வி. றஊபின்ர சாபம் எண்டு நினைச்சன்.

— சாபமா? நானா? நீங்க நல்லா இரிக்கோணும் எண்டு துவா கேட்டிரிக்கன்.

— நான் உங்களட்ட மன்னிப்புக் கேக்க வேணும். பதினஞ்சு வருஷம் பிந்திப்போச்சு. இந்தப் பாதை ஆளையும் காரையும் ஏத்திக்கொண்டு மிதந்து அக்கரையில இருந்து இக்கரைக்கு வரக் கால் மணித்தியாலந்தான். நான் துறையடி வரைக்கும் எத்தினை தரம் வந்திட்டுக் காரைத் திருப்பினனான் தெரியுமோ? மன்னிச்சிடுங்கோ, நானா.

— அதெல்லாம் கதையா. குடிங்க, தேத்தண்ணி ஆறுது.

— இன்னும் முடியேல்ல. ஸைனுலாப்தீன் காக்கா இன்னொண்டும் சொன்னவர். நாங்கள் யாழ்ப்பாணம் போறதுக்கு முதல் நாள் அப்பா உங்களைக் கந்தோருக்குள்ள கூப்பிட்டு, கதவைச் சாத்திப்போட்டுக் கதைச்சவராம். நீங்கள் வெளிய வரேக்க முகம் செத்துப்போய் இருந்ததாம்.

— அந்த மனிசனுக்குக் கண் மங்கல் எண்டீங்க.

— அப்ப மங்கேல்ல. அதுதான் நான் வந்த அலுவல். மறைக்காமச் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்திலயும் அப்பா ஆக்களைப் பிடிச்சவரோ? 'தம்பி வெல்லட்டும்' எண்டு உங்களட்டச் சொல்லி அனுப்பினவரோ? அந்த மாஸ்டர் மூண்டாம் பிடியில கிளாவர் ஏஸைச் சும்மா எறிஞ்சவர். அப்ப நான் அவரை மடையன் எண்டு நினைச்சன். இப்ப நித்திரையில்லாமக் கிடந்து யோசிக்கிறன், மடையன் நானோ எண்டு. ஊரில எடுத்த இருபத்தஞ்சு கப்பும் போகட்டும். அதுகளைக் கழுவிப்போட்டு மனுசி பூ நட்டாலும் எனக்குக் கவலையில்ல. எனக்கெண்டு இருக்கிறது இது ஒண்டுதான். இதுவும் அப்பா வாங்கித் தந்ததெண்டால் சொல்லிப்போடுங்கோ. போகேக்க பாதையில நிண்டு கடலுக்குள்ள போட்டிட்டு, நாளைக்குக் காலமை அந்த உயரக் கதிரையில போய் இருக்கிறன், காலுக்கு ஒரு பலகை வைச்சு. இல்லையெண்டால், வாற மாசம் யாழ்ப்பாணத்தில திரும்பவும் ஆட்டம் இருக்கு. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள பேர் குடுக்க வேணும்.

— இந்த மோட்டருக்குச் சொந்தக்காரன் ஜும்மாவுக்கு முந்தி வருவான். நான் இதப் பூட்டோணும்.

— நானா, என்னைப் பாத்துச் சொல்லுங்கோ. ஒரே ஒரு கேள்வி. இது என்ரயோ, அப்பாவின்ரயோ?

— மவுத்தாப் போன மனிசனப் பத்தி நான் என்னத்தச் செல்ல.

— நீங்க செல்லாட்டி நான் செல்லுவன்.

— மைமூனா...

— என்ன மைமூனா? பதினஞ்சு வருஷமா இதத் தொண்டைக்குள்ள வெச்சிக்கிட்டு நீங்க படுற பாட்ட நான்தானே பாக்கன். ஊரில ஒரு கலியாண வீட்டில காட்ஸ் எடுத்தாலும் எழும்பி வந்திருவாரு, தம்பி. ஒரு சீட்டக் கையால தொட்டது இல்ல. செல்லுங்க அவருக்கு. அவரும் பாவம்.

— சரி. செல்லுறன். கையத் தொடச்சிட்டுச் செல்லுறன். அந்தத் துணிய எடு.

— பயமா இருக்கு, நானா. கெதியாச் சொல்லிப்போடுங்கோ.

— கதவச் சாத்தினது உண்மை. வாப்பா எனக்கு அந்த உசந்த கதிரையக் காட்டி இரி எண்டாரு. நான் இரிக்கல்ல. அவரு அழுதாரு, சின்ன மொதலாளி. அந்தப் பெரிய மனிசன் எனக்கு முன்னால கண்ணத் தொடச்சாரு. அதப் பாத்த பொறகு என்னால மாட்டன் எண்டு செல்ல ஏலாமப் போச்சு.

— அப்ப உண்மைதான். சரி. விளங்கிட்டுது. நீங்கள் போய் மாஸ்டரிட்டச் சொன்னீங்கள். ஆக்கள் தூக்கிப் பிடிக்க, நான் சும்மா தூக்குக் காவடி ஆடினனான்.

— மாஸ்டரிட்டயா? கேளுங்களே. திருகோணமலையில வாப்பா ஒரு சொல்லுச் சென்னா அம்பது பேர் கேப்பாங்க. யாழ்ப்பாணத்தில அவர ஆருக்குத் தெரியும்? அந்த மாஸ்டருக்கும் புறக்டருக்கும் பாக்கியரத்தினம் மொதலாளி எண்டா ஆரெண்டே தெரியாது. அங்க, அந்த மேசையில இருந்த நாலு பேரில, அவரு செல்லக்கூடிய ஆள் ஒரே ஒருத்தன்தான் இருந்த.

— நீங்கள்.

— நான்தான்.

— உங்களட்ட என்னத்தைச் சொல்ல இருக்கு? நீங்கள் என்ர பாட்னர். வெல்லத்தானே போனீங்கள்.

— ஊரில நீங்க வெல்லணும். வெளிய போனா நீங்க தோக்கணும். வெளியயும் வெண்டா என்ட புள்ள திரும்பி வரமாட்டான் எண்டாரு. 'நீ அவனுக்கு முன்னால இருந்து ஆடுற. ஒனக்குத்தான் ஏலும். தோக்க வெச்சுக் கூட்டி வா' எண்டாரு. மைமூனாட வயித்தில அப்ப மூத்தவ இரிக்கா. நான் தல ஆட்டிட்டு வந்திட்டன்.

— காய்ச்சல் எண்டு சொன்னீங்கள்.

— காய்ச்சல் இல்ல. வெக்கம். பச்ச வெக்கத்தில வேர்த்த. உங்கட பிடிய வெட்டினது தெரிஞ்சுதான். ஒம்பதச் சும்மா எறிஞ்சது தெரிஞ்சுதான். என்னால ஏண்டதெல்லாம் செஞ்சன். நீங்க என்ன செஞ்சாலும் எழும்பி எழும்பி வாறீங்க. கடசிக் கைக்கு, இனி முடிஞ்சிது, கூட்டிட்டுப் போகலாம் எண்டு நான் நெனக்க, சீட்டக் கவுத்து வை எண்டுட்டீங்க. கவுத்து வெச்ச சீட்டால ஒரு மனிசன் எப்படித் தோக்க வெக்கிற?

— நானா... பொறுங்கோ. பொறுங்கோ. அப்ப அந்த மேசையில...

— மூணு பேரும் உங்களுக்கு எதிராத்தான் ஆடின. மாஸ்டர், புறக்டர், நான். மாஸ்டர் ஏஸ எறிஞ்சது மறதி, அவரு ஆட்டம் முடிஞ்சு தலையில அடிச்சிக்கிட்டத நான் பாத்தன். வாப்பாட்ட வந்து நடந்ததச் சென்னன். அவரு நம்பல்ல. 'சீட்டக் கவுத்து வெச்சு அவன வெல்ல விட்டிட்டாய்' எண்டாரு. லோஞ்சுத் திறப்ப வாங்கி வெச்சிக்கிட்டு வேலையால நிப்பாட்டினாரு. இத உங்களட்டச் செல்லக் கூடாதெண்டு சத்தியமும் வாங்கினாரு. அவரு மவுத்தாகி அந்தச் சத்தியமும் போச்சு, ஆனா எனக்கு வந்து செல்ல மொகம் இல்ல.

— நானா, மூண்டு பேரையும் நான் தனியத்தான் வெண்டிருக்கிறன். முதல் தரம்.

— தேத்தண்ணியக் குடிங்க, தம்பி. குடிச்சிட்டு அழுங்க. இவரும் அழுதிட்டாரு, பாருங்க.

— நான் அழல்ல, மைமூனா, மண்ணெண்ணெய் கண்ணில பட்டிட்டு. அந்தக் கப்பத் திரும்பப் பைக்குள்ள வெய்யுங்க, சோமசேகரம் தம்பி, அது உங்கடது. சட்டப் பைக்குள்ள இரிக்கிற மட்டைக் கடுக்கன இஞ்ச கொண்டாங்க, அத என்ட காதில போட்டு விடுங்க. அண்டைக்கு அந்த மேசையில தோத்த ஆள் நான்.